நடந்தும் ஓடியும் எடை இறங்கவில்லையா? அறிகுறி பார்த்துச் சரிசெய்யும் வழி

ஹட்டன் பக்கத்தில் அந்தி நேரம் ரோட்டோரம் நின்றால், சப்பாத்து போட்டுக் கைவீசி நடக்கும் பெண்கள் கூட்டமாகப் போவதைப் பார்க்கலாம். சீனி வியாதியும் பிரஷரும் வீட்டுக்கு வீடு வந்துவிட்ட காலத்தில் நம் பெண்கள் நடக்கத் தொடங்கியிருப்பது எனக்குப் பெரிய சந்தோஷம். நான் உடற்கல்வி ஆசிரியை. பாடசாலை விட்ட பிறகு எங்கள் பக்கத்துப் பெண்கள் இருபது பேரோடு நானும் நடக்கிறேன். அவர்களிடமிருந்து அடிக்கடி வரும் கேள்வி இதுதான்: "டீச்சர், எடை நின்னு போச்சு. இன்னும் ரெண்டு கிலோமீட்டர் கூட்டவா?"

பெரும்பாலும் என் பதில், "வேண்டாம், முதல்ல மத்ததைப் பார்ப்போம்" என்பதுதான். எடை நிற்பதற்குப் பயிற்சி போதாதது ஒரு காரணமாக இருக்கலாம். ஆனால் என்னிடம் வருபவர்களில் பலருக்குப் பயிற்சி கூடிப்போனது, சாப்பாடும் தூக்கமும் அதற்கு ஈடுகொடுக்காததுதான் சிக்கல். உங்கள் அறிகுறி எதுவோ அந்தப் பகுதிக்கு நேரே போகலாம். அடுத்த இரண்டு பகுதிகளை மட்டும் எல்லோரும் வாசியுங்கள்.

காத்திருக்கக் கூடாதவை

கடும் பயிற்சிக்குப் பிறகு சிறுநீர் கறுத்த சாயத்தண்ணி நிறத்தில் போனால், தசைகள் தாங்க முடியாமல் வலித்து வீங்கினால், அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். தசை உடைந்து இரத்தத்தில் கலந்து சிறுநீரகத்தைப் பாதிக்கும் நிலை அது. நெஞ்சு அடைப்பது, மயங்கி விழுவது, இதயம் தாறுமாறாகத் துடிப்பது ஆகியவற்றுக்கும் இதேதான். சீனி வியாதிக்கு இன்சுலினோ குளிசையோ எடுப்பவர்களுக்கு நடக்கும்போது கை நடுங்கி வியர்த்துக் கொட்டினால் இரத்தத்தில் சீனி இறங்கியிருக்கும். உடனே சீனித் தண்ணீர் குடித்துவிட்டு உட்காருங்கள். அடுத்த கிளினிக்கில் அதைக் கட்டாயம் சொல்லுங்கள்.

ஒரு கொப்பியும் நான்கு கணக்கும்

காலையில் கண் விழித்ததும் படுக்கையை விட்டு எழும்பாமலே மணிக்கட்டில் விரல் வைத்து 30 விநாடி நாடியை எண்ணி, இரண்டால் பெருக்கி எழுதுங்கள். எடையை வாரத்தில் மூன்று நாள், காலையில் வெறும் வயிற்றில், மெஷினை ஒரே இடத்தில் வைத்துப் பாருங்கள். லயத்துக் காம்பராவின் சிமெந்துத் தரை சில இடத்தில் சரிவாக இருக்கும். மெஷினை அரை அடி நகர்த்தினாலே எண் மாறுகிறது, நான் பார்த்திருக்கிறேன். வாரம் ஒரு தடவை தொப்புள் மட்டத்தில் இடுப்பை அளவுநாடாவால் அளங்கள். மாதவிடாய் தொடங்கிய தேதியையும் குறியுங்கள். இரண்டு வாரம் எழுதினாலே போதும், கீழே உள்ளவற்றில் உங்களுடையது எது என்று தெரிந்துவிடும்.

அறிகுறி 1: பயிற்சி தொடங்கியதும் எடை கூடிவிட்டது

முதல் மூன்று வாரத்துக்குள் என்றால் கவலை வேண்டாம். மழை நாளில் கொழுந்து நிறுக்கும்போது ஈரத்துக்கென்று கிலோ கழிப்பார்களே, அதே கதைதான். தசை எரிபொருளாகச் சேர்த்து வைக்கும் கிளைக்கோஜன் ஒவ்வொரு கிராமும் மூன்று கிராம் அளவு தண்ணீரைக் கூடவே பிடித்து வைக்கிறது. பழக்கமில்லாத வேலை செய்த தசை கொஞ்சம் வீங்கி அங்கேயும் தண்ணீர் தங்கும். நல்லதண்ணிப் பாதையில் சிவனொளிபாத மலை ஏறி இறங்கியவர்களுக்கு இது நன்றாகத் தெரியும். ஏறும்போது மூச்சுத்தான் வாங்கும், தொடையைப் பிடிப்பது இறங்கும்போதுதான். மறுநாள் படி இறங்க முடியாது, மெஷினும் ஒன்றரைக் கிலோ கூடக் காட்டும். ஒரு வாரத்தில் தானாக இறங்கிவிடும். மாதவிடாய்க்கு முன் நாட்களிலும் இப்படி ஏறும். இடுப்பளவு கூடாமல் இருந்தால் இது கொழுப்பு இல்லை.

அறிகுறி 2: முதலில் நாலைந்து கிலோ இறங்கியது, பிறகு மாதக்கணக்கில் அசையவில்லை. தூரத்தைக் கூட்டியும் பயனில்லை

எங்கள் கூட்டத்தில் ஒரு அக்கா. தோட்டத்தில் கொழுந்து பறிக்கிறார். காலை நாலு மணிக்கு எழும்பிச் சமைத்து, பிள்ளைகளை அனுப்பி, பெரட்டுக்குப் போய், படங்கு கட்டி மலை ஏறினால் அந்தி வரைக்கும் காலில்தான் நிற்பார். அதற்கு மேல் எங்களோடு ஆறு கிலோமீட்டர். முதல் மூன்று மாதத்தில் 76 கிலோவிலிருந்து 71க்கு வந்தவர் அங்கேயே நின்றுவிட்டார். ஆறை ஒன்பது கிலோமீட்டர் ஆக்கினார், ராத்திரிச் சாப்பாட்டை நிறுத்தினார். 71 அப்படியே இருந்தது.

ஒரு நாள் அவர் வீட்டு இஸ்தோப்பில் உட்கார்ந்து கொப்பியில் நாள் முழுவதையும் எழுதினோம். காலையில் ஒரு ரொட்டி, பிளேன்டி. மலைக்குக் கொண்டுபோவது இரண்டு ரொட்டி, கட்டச்சம்பல். அந்திக்குப் பிளேன்டியும் பிஸ்கட்டும். அப்புறம் நடை. ராத்திரி ஒன்றுமில்லை. படுக்கப் பத்தரை ஆகும். பயிற்சி என்ற இடத்தில் "அந்திக்கு நடை" என்று மட்டும் எழுதியிருந்தார். "மலை ஏறி இறங்கினது எங்கேக்கா?" என்று கேட்டேன். "அது வேலை தானே டீச்சர்" என்றார்.

அது வேலைதான், ஆனால் உடம்புக்கு அந்த வித்தியாசம் தெரியாது. முதுகில் கொழுந்துச் சுமையோடு சரிவில் ஏறுவதையும், ஜிம்மில் மெஷின் மேல் ஏறுவதையும் அது ஒரே கணக்கில்தான் எழுதும். நம் ஊரில் எடை பற்றிப் பேசும்போது முதலில் விட்டுப்போவது இதுதான், எனக்கு அது பெரிய குறையாகவே படுகிறது. நாள் முழுக்கக் கதிரையில் இருக்கும் ஒருவருக்காக எழுதிய பயிற்சி அட்டவணையைப் போனில் பார்த்துவிட்டு, எட்டு மணி நேரம் மலையில் நின்ற பெண் தன்னைச் சோம்பேறி என்று நினைத்துக்கொள்கிறாள்.

உள்ளே என்ன நடக்கிறது? நாம் பாடப் புத்தகத்தில் அனுசேபம் என்று படித்தோமே, உடம்பு சக்தியைச் செலவழிக்கும் மொத்த ஏற்பாடு, அது வரவு பார்த்துச் செலவு செய்யக்கூடியது. கைக்காசு குறைந்த மாதம் வீட்டில் என்ன செய்கிறோம்? மாவும் அரிசியும் வாங்குவதை நிறுத்த மாட்டோம். கூரைத் தகரம் மாற்றுவதையும் புதுச்சட்டையையும் தள்ளிப் போடுவோம். உடம்பும் இதயத்துக்கும் மூளைக்கும் கொடுப்பதைக் கொடுத்துவிட்டு, மற்ற இடங்களில் பிடித்தம் செய்யும். உடல் சூடு, இனப்பெருக்க ஹோர்மோன்கள், தைரொயிட் வேலை எல்லாவற்றிலும் கொஞ்சம் கொஞ்சம். நமக்குத் தெரியாமலே அசைவும் குறையும். நின்று செய்யும் வேலையை உட்கார்ந்து செய்வோம், பக்கத்துக் கடைக்குப் பிள்ளையை அனுப்புவோம்.

ஹெர்மன் பொன்ட்சர் என்ற ஆய்வாளரும் அவருடைய குழுவினரும் தான்சானியாவில் வேட்டையாடியும் கிழங்கு தோண்டியும் வாழும் ஹட்சா மக்களின் நாளாந்தச் சக்திச் செலவை அளந்தார்கள். 2012இல் வெளியான முடிவு பலரை ஆச்சரியப்படுத்தியது. உடல் அளவைச் சரிசெய்து பார்த்தால், அவ்வளவு நடக்கும் ஹட்சா மக்களின் மொத்தச் செலவு நகரத்து அமெரிக்கர்களுடையதைப் போலவே இருந்தது. 2016இல் ஐந்து நாடுகளின் 332 பேரைப் பார்த்தபோது, அசைவு குறைந்தவர்கள் கொஞ்சம் கூட்டினால் செலவு கூடுகிறது, ஏற்கெனவே நிறைய அசைபவர்கள் மேலும் கூட்டினால் அந்த அளவுக்குக் கூடுவதில்லை என்று தெரிந்தது. 2021இல் 1,754 பேரின் அளவீடுகளை வைத்துச் செய்த இன்னொரு கணக்கில், அசைவால் எரிக்கும் 100 கலோரியில் சராசரியாக 28ஐ உடம்பு வேறு இடத்தில் மிச்சம் பிடித்துவிடுகிறது என்று வந்தது. உடலில் கொழுப்பு கூடியவர்களிடம் இந்தப் பிடித்தம் இன்னும் கூடுதல்.

இதை வைத்துப் பயிற்சியால் பயனில்லை என்று யாரும் சொல்ல வேண்டாம். 100இல் 72 நம் பக்கம்தான் இருக்கிறது. சீனி, பிரஷர், மனநிலை, தூக்கம் எல்லாவற்றுக்கும் நடை நல்லது. மேலே மேலே கூட்டினால் எடை அதே வேகத்தில் இறங்கும் என்ற நினைப்பு மட்டும்தான் பிழை. "அனுசேபம் செத்துப்போச்சு" என்று பயப்படவும் வேண்டாம். உடம்பு சிக்கனம் பிடிக்கிறது, அவ்வளவுதான். ஐந்து கிலோ இறங்கிய உடம்புக்கு முன்பைவிடக் குறைந்த சக்தி போதும் என்பதும் இதில் ஒரு பங்கு.

செய்ய வேண்டியது. முதலில் இடுப்பளவைப் பாருங்கள். எடை நின்றும் இடுப்பு குறைந்துகொண்டு வந்தால் கொழுப்பு போய்த் தசை ஏறுகிறது, எதையும் மாற்ற வேண்டாம். தெற்காசியப் பெண்களுக்கு 80 சென்டிமீட்டர், ஆண்களுக்கு 90 என்பது இடுப்புக்குச் சொல்லும் எல்லை. இடுப்பும் நின்றுவிட்டதா? வேலையில் ஏறி இறங்கும் நேரத்தையும் சேர்த்து எழுதுங்கள். உலக சுகாதார நிறுவனம் பெரியவர்களுக்குச் சொல்வது வாரத்துக்கு 150 முதல் 300 நிமிடம் நடுத்தர வேக அசைவு, கூடவே தசைக்கு வேலை தரும் பயிற்சி இரண்டு நாள். மலையில் வேலை செய்பவர் அந்த நிமிடக் கணக்கை நடைக்கு வரும் முன்பே தாண்டியிருப்பார். அவருக்குத் தேவை இன்னும் மூன்று கிலோமீட்டர் இல்லை, ராத்திரிச் சாப்பாடும் ஏழு மணி நேரத் தூக்கமும்தான்.

அந்த அக்காவுக்கு நடையை வாரம் மூன்று நாளாகக் குறைத்தோம், நாலு கிலோமீட்டர் மட்டும். மலைக்குப் போகும் பெட்டியில் ஒரு ரொட்டிக்குப் பதில் அவித்த முட்டையும் கெட்டிப் பருப்பும். ராத்திரி கொஞ்சம் சோறு, கறி. முதல் இரண்டு வாரம் எடை அரைக் கிலோ ஏறியதும் பயந்துபோனார். ஆறாம் வாரத்தில் 70க்குக் கீழே வந்தது. மலையில் கால் இழுப்பது நின்றதுதான் தனக்குப் பெரிது என்று சொன்னார்.

கந்தோரில், கடையில், தையல் மெஷினில் உட்கார்ந்து வேலை செய்பவருக்கு இந்தக் கதை பொருந்தாது. உங்களுக்கு நடையைக் கூட்ட இடமுண்டு. அதற்கு முன்பு தேத்தண்ணிக் கோப்பையைப் பாருங்கள். 65 கிலோ உடம்பு ஒரு மணி நேரம் வேகமாக நடந்தால் ஏறக்குறைய 250 கலோரி போகும். மூன்று தேக்கரண்டி சீனி போட்ட நாலு தேத்தண்ணியில் சீனி மட்டுமே 240 கலோரி.

அறிகுறி 3: பயிற்சி செய்த நாளில் ராத்திரி அடங்காத பசி

பகலில் பட்டினி போட்டு அந்தியில் ஓடுபவர்களுக்கு வருவது. மனக்கட்டுப்பாடு இல்லை என்று உங்களைத் திட்டிக்கொள்ளாதீர்கள், கேட்பது உடம்பு. நம் தோட்டத்துச் சாப்பாட்டில் வயிறு நிரம்பும், புரதம் நிரம்பாது. 100 கிராம் கோதுமை மாவில் இருப்பது பத்து கிராம் புரதம்தான். எடை குறைத்துக்கொண்டு பயிற்சியும் செய்பவருக்கு உடல் எடையில் கிலோவுக்கு 1.2 முதல் 1.6 கிராம் வேண்டும், அதாவது 60 கிலோ என்றால் 72 கிராமாவது. ஒரு முட்டையில் ஆறு கிராம். 50 கிராம் மைசூர்ப் பருப்பில் பன்னிரண்டு. 50 கிராம் காய்ந்த சோயா மீட்டில் 25 கிராமுக்குக் கிட்ட. பாசிப்பயறு, கௌபி, கொண்டைக்கடலை, நெத்தலிக் கருவாடு எல்லாம் நம் கடையில் கிடைப்பவைதான். காலையிலும் மதியத்திலும் இவற்றில் ஒன்றைச் சேர்த்துவிட்டால் ராத்திரிப் பசி ஒரு வாரத்தில் அடங்கும். சிறுநீரகப் பிரச்சினை உள்ளவர்கள் புரதத்தைக் கூட்டும் முன் டொக்டரைக் கேளுங்கள்.

அறிகுறி 4: காலை நாடி கூடுகிறது, தூக்கம் கெடுகிறது, கால் கனக்கிறது

கொப்பியைப் பாருங்கள். வழக்கமாக 68 இருந்த நாடி சில நாளாகத் தொடர்ந்து 75, 76 என்று நின்றால், காய்ச்சலும் இல்லை என்றால், உடம்பு இன்னும் ஆறவில்லை. களைத்தும் தூக்கம் வராமல் புரள்வது, சின்ன விஷயத்துக்கும் எரிந்து விழுவது, அடிக்கடி தடிமன் பிடிப்பது இதனோடு வரும். மூன்று நாள் முழு ஓய்வு. அடுத்த வாரம் வழக்கத்தில் பாதி.

தூக்கத்தை இங்கே அழுத்திச் சொல்ல வேண்டும். 2010இல் வெளியான ஓர் ஆய்வில், ஒரே ஆட்களுக்குக் குறைந்த கலோரிச் சாப்பாடு கொடுத்து, இரண்டு வாரம் எட்டரை மணி நேரமும் இன்னொரு இரண்டு வாரம் ஐந்தரை மணி நேரமும் படுக்க விட்டார்கள். இரண்டு தடவையும் ஏறக்குறைய மூன்று கிலோ இறங்கியது. நன்றாகத் தூங்கியபோது அதில் 1.4 கிலோ கொழுப்பு. தூக்கம் குறைந்தபோது கொழுப்பு 0.6 கிலோ மட்டும், மற்றது தசை, தண்ணீர் என்று கொழுப்பு அல்லாத பங்கு. நாலு மணிக்கு எழும்பும் பெண் பத்தரைக்குப் படுத்தால் அந்த ஐந்தரை மணி நேரக் கணக்கில்தான் நிற்கிறாள். நடைக்காக இன்னும் அரை மணி முந்தி எழும்புகிறேன் என்று யாராவது சொன்னால், தயவுசெய்து தூங்குங்கள் என்றுதான் நான் சொல்வேன். வீட்டில் ஆண்கள் தேங்காயைத் துருவிக் கொடுத்தால் அந்த அரை மணி கிடைக்கும்.

அறிகுறி 5: குளிர் தாங்கவில்லை, முடி கொட்டுகிறது, மாதவிடாய் தள்ளிப்போகிறது அல்லது நின்றுவிட்டது

நுவரெலியாவில் ஜனவரியில் எல்லோருக்கும்தான் குளிரும். வீட்டில் மற்றவர்கள் ஒரு ஸ்வெட்டரோடு இருக்கையில் உங்களுக்கு மட்டும் இரண்டு போதாமல் விரல் நுனி சில்லிட்டுக் கிடந்தால் கவனியுங்கள். 1944-45இல் அமெரிக்காவின் மினசோட்டாவில் அன்செல் கீஸ் என்பவர் 36 இளைஞர்களுக்கு அரைப்பட்டினிச் சாப்பாடு கொடுத்து, வாரம் 35 கிலோமீட்டர் நடக்கவும் வைத்து ஆராய்ந்தார். கோடையிலும் போர்வை கேட்டார்கள், முடி கொட்டியது, எப்போதும் சாப்பாட்டு நினைப்பாகவே இருந்தார்கள். அவர்களின் ஓய்வுநேரச் சக்திச் செலவு ஏறக்குறைய 40 சதவீதம் விழுந்தது.

விளையாட்டு வீராங்கனைகளிடம் காணும் இதே நிலைக்குச் சர்வதேச ஒலிம்பிக் குழு 2014இல் தனிப்பெயரே கொடுத்தது. பயிற்சிச் செலவு போக மிஞ்சும் சக்தி உடம்பின் அடிப்படை வேலைக்குப் போதாமல் போவதுதான் அது. கணக்கு இப்படி: 60 கிலோ எடையில் 20 கிலோ கொழுப்பு என்றால் மிச்சம் 40. அந்த 40இல் கிலோவுக்கு 30 கலோரி, அதாவது 1,200, பயிற்சிக்குப் போனது போக மிஞ்ச வேண்டும். 1,500 சாப்பிட்டு 400 எரித்தால் மிஞ்சுவது 1,100தான். இப்படி மாதக்கணக்கில் போனால் மாதவிடாய் நிற்கும், எலும்பு மெலியும். என் பாடசாலைப் பிள்ளைகளில் போட்டிக்காக ஓடும் பெண்பிள்ளைகளிடம் இதை நேரே கேட்கிறேன். "ஓடுற பிள்ளைக்கு அப்படித்தான், நல்லதுதான்" என்று அம்மாமார் சொல்வதைக் கேட்டிருக்கிறேன். நல்லதில்லை. மூன்று மாதம் வரவில்லை என்றால் டொக்டரிடம் போக வேண்டும். முதலில் கர்ப்பமா என்று பார்ப்பார்கள், தைரொயிட் இரத்தப் பரிசோதனையும் செய்யச் சொல்வார்கள். தைரொயிட் குறைவுக்கும் இதே குளிர், இதே முடி, இதே எடை. அதற்கு ஓட்டம் மருந்தில்லை, குளிசை இருக்கிறது.

அறிகுறி 6: போன மாதம் ஏறிய ஏற்றத்தில் இந்த மாதம் மூச்சு வாங்குகிறது

பயிற்சி கூடியதாலும் இருக்கலாம், இரத்தச்சோகையாகவும் இருக்கலாம். கண்ணிமையின் உட்புறம் வெளிறியிருக்கிறதா பாருங்கள், ஹீமோகுளோபின் பரிசோதனை செய்யுங்கள். கர்ப்பமில்லாத பெண்ணுக்கு 12க்குக் கீழே என்றால் சோகை. நாம் தேயிலை நாட்டுக்காரர்கள். சாப்பிட்ட கையோடு சாயம் குடிக்கிறோம், அந்தச் சாயம் கீரையிலும் பருப்பிலும் உள்ள இரும்புச்சத்தைப் பிடித்து வைத்துவிடுகிறது. தேத்தண்ணியை விட வேண்டாம், சாப்பாட்டுக்கு ஒரு மணி நேரம் முன்பின் தள்ளுங்கள். முருங்கையிலைச் சுண்டலுக்கும் கடலைக்கும் தேசிக்காய் பிழியுங்கள், இரும்பு நன்றாக உள்ளே போகும்.

திரும்பத் தொடங்குவது

நாடி பழைய எண்ணுக்கு வந்து, இரண்டு ராத்திரி தொடர்ந்து நன்றாகத் தூங்கிய பிறகு தொடங்குங்கள். முதல் வாரம் வழக்கமான தூரத்தில் பாதி, மூச்சு வாங்காமல் பேசிக்கொண்டு நடக்கும் வேகம். வாரத்தில் இரண்டு நாள் நடைக்குப் பதில் தசைப் பயிற்சி: இஸ்தோப்புத் திண்ணையில் உட்கார்ந்து எழும்புவது பத்துத் தடவை, சுவரில் கை ஊன்றித் தள்ளுவது பத்துத் தடவை, இப்படி மூன்று சுற்று. இருபது நிமிடம் போதும். பிறகு வாரத்துக்குப் பத்து நிமிடத்துக்கு மேல் கூட்டாதீர்கள். மலையில் கொழுந்து கூடிய மாதத்தில் கூட்டவே கூட்டாதீர்கள்.

மூன்றாம் வாரமும் நாடி இறங்கவில்லை, களைப்பும் போகவில்லை என்றால் அந்தக் கொப்பியை எடுத்துக்கொண்டு கிளினிக்குக்குப் போங்கள். டொக்டர் கேட்கப்போகும் கேள்விகளில் பாதிக்கு அதில் பதில் இருக்கும்.